இசைக்கும் உண்டு முகவரி

நுழையும்முன்

ஒரு பாடலைப் பாடியவர் யார், அதற்கு இசை அமைத்தவர் யார், அது எந்த வெளியீட்டில் இடம்பெற்றது என்னும் வினாக்களுக்கு விடை கூறுவது எளிதுபோலத் தோன்றும். ஆனால், ஒரே பெயரில் பல பாடல்களும், ஒரே பாடலுக்குப் பல பதிவுகளும், ஒரே பதிவுக்குப் பல வெளியீடுகளும் பெருகிவிட்ட காலத்தில் அவ்விடை எளிதன்று. எழுத்துகளையும் எண்களையும் கோடுகளையும் கொண்டு உலகம் அவ்விடையைத் தேடிக்கொண்ட வரலாற்றை இப்பாடம் விளக்குகிறது.

பெயர் நின்றது, இசை மறைந்தது

எட்டுத்தொகை நூல்களுள் இசைப்பாடல்களால் அமைந்தது பரிபாடல். எழுபது பாடல்களைக் கொண்டிருந்த இந்நூலில் இன்று முழுமையாகக் கிடைப்பவை 22 பாடல்களே. அவற்றுள் பெரும்பாலான பாடல்களின் இறுதியில், இயற்றிய புலவரின் பெயரோடு இசை வகுத்தவரின் பெயரும் பண்ணின் பெயரும் குறிக்கப்பெற்றுள்ளன. பெட்டனாகனார், கண்ணனாகனார், நல்லச்சுதனார் முதலிய இசை வல்லுநர்களின் பெயர்கள் இக்குறிப்புகளால் இன்றும் வாழ்கின்றன. ஒரு பாடலுக்குச் சொல் தந்தவர் வேறு, இசை தந்தவர் வேறு. இருவரும் நினைக்கப்பட வேண்டியவர்கள் என்னும் தெளிவு அக்குறிப்புகளை எழுதியோரிடம் இருந்தது. எனினும், அவர்கள் வகுத்த இசை எவ்வாறு ஒலித்தது என்பதை இன்று கேட்டறிய வழியில்லை. பெயர் நின்றது; இசை மறைந்தது.

ஒலியைப் பதிவுசெய்யும் கருவி தோன்றியபின் இந்நிலை தலைகீழாயிற்று. பாடியவரின் மூச்சொலியும் மாறாமல் இசை நிலைபெற்றது. ஆனால், பதிவு ஓரிடம் விட்டு ஓரிடம் செல்லச் செல்ல, அதனை உருவாக்கியவரின் பெயர் அதனின்றும் பிரிந்துவிடும் இடர் தோன்றியது. இசையையும் பெயரையும் பிரியாமல் பிணைத்து வைப்பது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடையாகப் பிறந்தவையே இசைக்குறியீடுகள்.

குரலே குறியீடாக

1902ஆம் ஆண்டு நவம்பர் மாதம், கிராமபோன் நிறுவனத்தின் ஒலிப்பதிவு வல்லுநரான பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் இந்தியக் கலைஞர்களின் பாடல்களைப் பதிவுசெய்தார். அவருக்காகப் பாடியோருள் புகழ்பெற்றவர் கௌஹர் ஜான். பல மொழிகளில் பாடும் ஆற்றல் வாய்ந்த அவர், ஏறத்தாழ மூன்று நிமிடத்துக்குள் ஒரு பாடலைப் பாடி முடித்துத் தம் பெயரை ஆங்கிலத்தில் தாமே அறிவித்தார்.

அவ்வறிவிப்புக்கு ஒரு தேவை இருந்தது. கல்கத்தாவில் எடுக்கப்பட்ட பதிவுகள் கப்பலில் ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குச் சென்றன. அங்கிருந்த தொழிற்சாலையில் இசைத்தட்டுகளாக அச்சிடப்பட்டு மீண்டும் இந்தியா வந்தன. இந்திய மொழியோ குரலோ அறியாத ஜெர்மானியத் தொழில்நுட்பர்கள், எந்தத் தட்டில் யார் பெயரை ஒட்டுவது என்பதை அறிய வேண்டும். பாடலின் இறுதியில் ஒலித்த பெயர் அவர்களுக்கு உதவியது. பாடியவரின் குரலே பாடலின் அடையாளக் குறியாக அமைந்த காலம் அது.

தட்டில் பொறித்த எண்கள்

தட்டுகளின் எண்ணிக்கை பெருகியபோது குரல் அறிவிப்பு மட்டும் போதவில்லை. நிறுவனங்கள் இருவகை எண்களைக் கையாண்டன. ஒன்று, தட்டின் நடுவே ஒட்டப்பெற்ற தாளில் அச்சிடப்படும் பட்டியல் எண். விற்பனையாளரும் வாங்குவோரும் தட்டினைக் கேட்டுப் பெற இது பயன்பட்டது. மற்றொன்று, ஒலிவரிகள் முடிந்து தாள் தொடங்கும் இடையிலுள்ள வெற்றிடத்தில் பொறிக்கப்படும் அச்சு மூல எண். எந்த மூலப்பதிவிலிருந்து அத்தட்டு அச்சிடப்பட்டது என்பதை இது காட்டும். ஒரே பாடலை ஒருவர் இருமுறை பாடிப் பதிவுசெய்திருந்தால், அவற்றுள் எது தட்டில் உள்ளது என்பதையும் இதனால் அறியலாம்.

பழைய இசைத்தட்டுகளைச் சேகரிப்போர் இன்றும் முதலில் உற்று நோக்குவது இவ்வெற்றிடத்தையே. மேலே ஒட்டிய தாள் கிழிந்து போகலாம். தட்டில் பொறித்த எண் அழிவதில்லை. ஆயினும், ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி எண்களை வழங்கியதால், ஒரு நிறுவனத்தின் எண் மற்றொரு நிறுவனத்துக்குப் பொருளற்றதாயிற்று. உலகம் முழுமைக்கும் பொதுவான ஒரு முறை தேவைப்பட்டது. அதற்கான முதல் வழி இசையுலகிலிருந்து வரவில்லை. மளிகைக் கடையிலிருந்து வந்தது.

மணலில் வரைந்த கோடுகள்

1948ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், கடையில் வாங்கும் பொருள்களின் விவரங்களைத் தாமாகவே பதிவுசெய்யும் முறை வேண்டுமென ஒரு வணிகர் டிரெக்சல் கல்வி நிறுவனத்தை அணுகினார். இதனைக் கேள்வியுற்ற பெர்னார்டு சில்வர், தம் நண்பர் நார்மன் ஜோசப் உட்லண்டிடம் கூறினார். தந்திக்குரிய மோர்ஸ் குறியீட்டை இளமையில் கற்றிருந்த உட்லண்ட், மயாமி கடற்கரையில் அமர்ந்திருந்தபோது தம் விரல்களை மணலில் ஊன்றித் தம்மை நோக்கி இழுத்தார். மோர்ஸ் புள்ளிகளும் கோடுகளும் நீண்டு, மெல்லியனவும் தடித்தனவுமான கோடுகளாக மாறக் கூடும் என்னும் எண்ணம் அவருக்கு அப்போது உதித்தது. இருவருக்கும் 1952இல் காப்புரிமை கிடைத்தது.

எனினும், அக்கோடுகளைப் படிக்கத்தக்க லேசர் ஒளியும் விலை மலிந்த கணினியும் அன்று இல்லை. சில்வர் 1963இல் மறைந்தார். தம் கனவு நனவானதை அவர் காணவில்லை. பின்னர், ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜார்ஜ் லாரர் வடிவமைத்த பட்டைக் குறியீட்டை 1973இல் அமெரிக்க வணிகர்கள் பொது முறையாக ஏற்றனர். 1974ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் ஒஹாயோ மாநிலத்தின் டிராய் நகரக் கடையொன்றில் சூயிங்கம் பொதி ஒன்று முதன்முதலாக வருடியால் படிக்கப்பட்டது. அதன்பின் சில ஆண்டுகளில் இக்கோடுகள் இசைத்தட்டு உறைகளிலும் ஒலிநாடாப் பேழைகளிலும் இடம்பிடித்தன.

கோடுகளின் மொழி

அமெரிக்காவில் தோன்றிய முறை 12 இலக்கங்களைக் கொண்டது. ஐரோப்பாவில் அது 13 இலக்கங்களாக விரிந்தது; இந்தியாவிலும் அதுவே வழக்கில் உள்ளது. முதலில் வரும் இலக்கங்கள் எண்ணை வழங்கிய நாட்டமைப்பைக் காட்டும். இந்திய அமைப்புக்கு உரியது 890. ஒரு பொருள் 890 எனத் தொடங்குவதால் அது இந்தியாவில் செய்யப்பட்டது எனக் கருதலாகாது. எண்ணைப் பெற்ற நிறுவனம் இந்திய அமைப்பில் பதிவுபெற்றது என்பதே அதன் பொருள்.

வருடி ஒளியைப் பாய்ச்சும்போது கருங்கோடுகள் ஒளியை ஈர்த்துக்கொள்கின்றன; வெள்ளை இடைவெளிகள் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. இவ்வேறுபாட்டையே கணினி எண்களாகப் படிக்கிறது. 13 இலக்கக் குறியீடு 95 சம அகலக் கூறுகளால் ஆனது. இருபுற எல்லைக் கோடுகளுக்கு மும்மூன்று கூறுகளும் நடுக்கோட்டுக்கு ஐந்து கூறுகளும் போக, எஞ்சிய 84 கூறுகளில் 12 இலக்கங்கள், இலக்கத்துக்கு ஏழு கூறுகளாக அமைகின்றன. முதல் இலக்கத்துக்கெனத் தனிக்கோடுகள் இல்லை. இடப்பக்கத்து ஆறு இலக்கங்களும் வரையப்பட்டுள்ள முறையே அதனை உணர்த்திவிடும்.

இறுதி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம் எனப்படும். வருடி பிழையாகப் படித்தாலோ, மனிதர் பிழையாகத் தட்டச்சு செய்தாலோ அதனைக் காட்டிக்கொடுப்பது இதன் பணி.

தெரிந்து தெளிவோம்

பயிற்சிக்காக 890135792468 என்னும் 12 இலக்கங்களைக் கொள்வோம். இடமிருந்து ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றின் கூடுதல்: 8+0+3+7+2+6 = 26. இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றின் கூடுதல்: 9+1+5+9+4+8 = 36. இரண்டாவது கூடுதலை மூன்றால் பெருக்கினால் 108. இரண்டையும் சேர்த்தால் 134. இதனை அடுத்த பத்தின் மடங்காகிய 140 ஆக்க வேண்டுவது 6. ஆகவே, முழு எண் 8901357924686 ஆகும். ஏதேனும் ஓர் இலக்கம் மாறினாலும் கூடுதல் பத்தின் மடங்காக வாராது, பிழை வெளிப்பட்டுவிடும்.

எண்ணிக்கை உரைத்த உண்மை

பட்டைக் குறியீடு விற்பனையை விரைவுபடுத்தியதோடு நிற்கவில்லை; மக்கள் எதனைக் கேட்கிறார்கள் என்னும் உண்மையையும் வெளிக்கொணர்ந்தது. அமெரிக்காவின் பில்போர்டு இதழ், அதிகமாக விற்பனையாகும் இசைத்தொகுப்புகளின் பட்டியலை வாரந்தோறும் வெளியிட்டு வருகிறது. 1991 வரை, கடைக்காரர்களிடம் கேட்டறிந்த தகவல்களே அப்பட்டியலுக்கு அடிப்படை. அவர்கள் கூறியவற்றில் நினைவுப்பிழையும் தனிப்பட்ட விருப்பும் கலந்திருந்தன.

1991 மே மாதம் முதல், கடைகளில் பட்டைக் குறியீடு வருடப்பட்ட எண்ணிக்கையைத் திரட்டிய சவுண்டுஸ்கேன் முறையைப் பில்போர்டு பின்பற்றியது. சில வாரங்களிலேயே பட்டியலின் தோற்றம் மாறியது. நாட்டுப்புறச் சாயல் கொண்ட 'கன்ட்ரி' இசையும், கறுப்பின இளைஞர்களின் 'ராப்' இசையும் எண்ணியதைவிட மிகுதியாக விற்பனையாவது புலனாயிற்று. ஜூன் மாதத்தில் என்.டபிள்யூ.ஏ. என்னும் ராப் குழுவின் தொகுப்பு முதலிடம் பெற்றது. செப்டம்பரில் கார்த் புரூக்ஸ் பாடிய கன்ட்ரி இசைத்தொகுப்பு, வெளியான வாரத்திலேயே முதலிடத்தில் நுழைந்தது. அவ்வகை இசைக்கு அது முதல்முறை. அவ்விசையை மக்கள் முன்பும் விரும்பி வாங்கினர். அவர்கள் வாங்கியதை விருப்புவெறுப்பின்றி எண்ணும் முறைதான் அதுவரை இல்லை. எண்ணப்படாதவர் இல்லாதவராகவே கருதப்படுவர் என்னும் உண்மையை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

ஒலிப்பதிவுக்குத் தனி எண்

பட்டைக் குறியீடு அடையாளம் காட்டுவது வெளியீட்டை. அதாவது விற்பனைக்கு வரும் முழுப்பொருளை. பத்துப் பாடல்கள் அடங்கிய குறுந்தகட்டுக்கு ஒரே பட்டைக் குறியீடுதான். அதே பத்துப் பாடல்கள் ஒலிநாடாவாகவும் வெளிவந்தால் அதற்கு வேறு குறியீடு. ஆனால், வானொலியில் ஒலிப்பது முழுத்தொகுப்பு அன்று, ஒரு தனிப்பாடலே. அதனை எவ்வாறு அடையாளம் காண்பது?

இதற்காகப் பன்னாட்டுத் தர அமைப்பு 1986இல் ஒரு குறியீட்டை வெளியிட்டது. ஐ.எஸ்.ஆர்.சி. எனச் சுருங்க வழங்கும் இது, பன்னாட்டு ஒலிப்பதிவுக் குறியீடு எனப் பொருள்படும். இதில் எழுத்தும் எண்ணுமாகப் பன்னிரண்டு குறிகள் உள்ளன. முதல் ஐந்து குறிகள் குறியீட்டை வழங்கும் உரிமை பெற்ற பதிவாளரைச் சுட்டும். அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டைக் குறிக்கும். அது பாடல் பதிவான ஆண்டன்று, குறியீடு வழங்கப்பட்ட ஆண்டு. இறுதி ஐந்து இலக்கங்கள் அவ்வாண்டில் அப்பதிவாளர் வழங்கிய வரிசை எண். எனவே, 2024இல் ஒரு பதிவாளர் வழங்கிய குறியீடு ஒன்றின் இறுதி ஏழு இலக்கங்கள் 2400017 என அமையலாம்.

இக்குறியீடு குறுந்தகட்டின் மேலுறையில் பெரும்பாலும் அச்சிடப்படுவதில்லை. தகட்டில் இசையோடு உடன்செல்லும் துணைத்தகவல் தடத்தில் அது மறைந்துள்ளது. இணையவழி இசைத்தளங்களில் ஒவ்வொரு பாடலுக்கும் உரிய விவரத் தொகுப்பில் அது இடம்பெறுகிறது. ஒரு பாடல் எத்தனை தொகுப்புகளில் மறுபடி வெளியானாலும், உரிமை எத்தனை பேரிடம் கைமாறினாலும், பதிவு ஒன்றாயின் குறியீடும் ஒன்றே. அதே பாடகர் அதே பாடலை மீண்டும் பாடினால் அது புதிய பதிவு. அதற்குப் புதிய குறியீடு.

ஆக்கம், பதிவு, வெளியீடு

தியாகராசர் இயற்றிய 'எந்தரோ மகாநுபாவுலு' என்னும் கீர்த்தனையைத் தலைமுறைதோறும் பல கலைஞர்கள் பாடிவருகின்றனர். கீர்த்தனை ஒன்று, பதிவுகளோ பல. அவற்றுள் ஒரு பதிவு இசைத்தட்டாகவும் ஒலிநாடாவாகவும் குறுந்தகடாகவும் வெளிவரலாம். ஆகவே, இசையை மூன்று நிலைகளில் பிரித்தறிய வேண்டும். இயற்றப்பட்ட பாடல் ஆக்கம் எனப்படும். அதனை ஒருவர் பாடியோ இசைத்தோ நிலைபெறச் செய்தது பதிவு. பதிவுகள் மக்கள் கைக்கு வந்து சேரும் வடிவம் வெளியீடு.

வெளியீட்டுக்குப் பட்டைக் குறியீடும், பதிவுக்கு ஐ.எஸ்.ஆர்.சி.யும் இருப்பதுபோல, ஆக்கத்துக்கு ஐ.எஸ்.டபிள்யூ.சி. என்னும் குறியீடு உண்டு. இவ்வகையில் முதல் எண், 1995இல் சுவீடன் நாட்டு ஆபா குழுவினரின் 'டான்சிங் குயின்' பாடலுக்கு வழங்கப்பட்டது. பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிய தொகை ஆக்கத்தின் எண்ணைப் பின்பற்றிச் செல்கிறது. பாடியவருக்கும் பதிவை வெளியிட்டவருக்கும் உரிய தொகை பதிவின் எண்ணைப் பின்பற்றிச் செல்கிறது. புலவரையும் இசை வகுத்தவரையும் தனித்தனியே குறித்த பரிபாடல் மரபின் பிரித்தறியும் நோக்கு, இம்முறையிலும் விளங்கக் காணலாம்.

ஒருவருக்குப் பல பெயர்கள்

பெயரே போதாதா, எண் எதற்கு என்னும் ஐயம் எழலாம். தமிழ்ப்பெயர்களை எடுத்துக்கொண்டாலே இதற்கு விடை கிடைக்கும். பெயரின் முதலெழுத்தைச் சிலர் முன்னும் சிலர் பின்னும் எழுதுவர். ஊர்ப்பெயர் சில இடங்களில் பெயரோடு சேரும். சில இடங்களில் விடுபடும். ழகரத்தை உரோமன் எழுத்தில் எழுதும் முறை ஆளுக்கு ஆள் மாறும். இவ்வாறு ஒரே கலைஞரின் பெயர் நான்கைந்து வடிவங்களில் பதிவாகும்போது, கணினி அவரை நான்கைந்து பேராகக் கருதிவிடும். ஒரே பெயருடைய இருவரை ஒருவராகக் கொள்வதும் உண்டு. முன்னதில் ஒருவரின் உழைப்பு சிதறுகிறது. பின்னதில் ஒருவரின் உழைப்பு மற்றொருவரின் கணக்கில் சேர்கிறது.

எழுத்துப் பிழையால் பெயர் மாறலாம். எண் எல்லா மொழிகளிலும் ஒன்றாகவே நிற்கும். பாடலுக்கேயன்றிப் படைப்பாளருக்கும் தனி எண் வேண்டும் என்பதை உணர்ந்து, பன்னாட்டுத் தர அமைப்பு 2012இல் 16 குறிகள் கொண்ட பெயர் அடையாள எண் முறையையும் வெளியிட்டது.

குறியீட்டின் எல்லை

குறியீடு தன்னளவில் எதையும் கூறுவதில்லை. அது வீட்டு முகவரியைப் போன்றது. வீட்டில் வாழ்பவர் யார் என்பதை முகவரி மட்டும் உணர்த்தாது. ஓர் ஒலிப்பதிவுக்கு ஐ.எஸ்.ஆர்.சி. எண் இருப்பதால், எண்ணைப் பெற்றவரே அதன் உரிமையாளர் என்று ஆகிவிடாது. எண்ணுடன் இணைந்த விவர ஏட்டில் எழுதப்பட்டதே அதன் பொருள். மேலும், பட்டைக் குறியீட்டுக்கு உள்ளதுபோல ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணுக்குச் சரிபார்ப்பு இலக்கம் இல்லை. ஓர் இலக்கம் தவறாகப் பதியப்பட்டால் எண் தானே அதனைச் சுட்டிக்காட்டாது. பதிவுசெய்வோரின் விழிப்புணர்வே காவல்.

இந்தியாவில் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் இயற்றப்பட்டது. திரைப்படத்துக்காக எழுதப்பட்ட பாடலாயினும், அது பிற வழிகளில் பயன்படும்போது பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமத்தொகை பெறுவதை 2012ஆம் ஆண்டுத் திருத்தம் உறுதிசெய்தது. சட்டம் உரிமையை வழங்குகிறது. ஆனால், உரியவர் யார் என்பது ஏட்டில் சரியாகப் பதியப்பட்டிருந்தால்தான் தொகை அவரைச் சென்றடையும்.

பாடகரின் பெயரும் இசையமைப்பாளரின் பெயரும் எளிதில் பதிவாகின்றன. பின்னணியில் ஒலிக்கும் வயலின், நாகசுரம், தவில், மிருதங்கம் ஆகியவற்றை வாசித்தோரின் பெயர்கள் பலவேளைகளில் விடுபட்டுப் போகின்றன. ஒரு நொடியில் ஒரு பாடலை உலகெங்கும் அனுப்பவல்ல தொழில்நுட்பம், அப்பாடலில் தவில் வாசித்தவர் யார் என்னும் வினாவுக்கு விடையின்றி நிற்பது பொருந்துமா? அக்குறை கருவியின் குறையன்று. எழுதாமல் விட்டவரின் குறை.

பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதிய காலத்தில், ஒரு வரியைக் கூடுதலாகப் பொறிப்பதும் கடும் உழைப்பே. அந்நிலையிலும் இசை வகுத்தவரின் பெயரை எழுதாமல் விட மனம் வராதோர் இருந்தனர். அதனாற்றான் ஒலி மறைந்தபின்னும் பெட்டனாகனாரின் பெயர் இன்று படிக்கப்படுகிறது. ஒலியைக் காக்கும் ஆற்றல் இன்று கைவந்துள்ளது. அவ்வொலிக்கு உரியவரின் பெயரையும் உடன்காக்கும் பொறுப்பு, ஒவ்வொரு பதிவின் விவர ஏட்டையும் நிரப்புகின்ற கைகளில் உள்ளது.

கற்பவை கற்றபின்

1. வீட்டிலுள்ள பொருள் ஒன்றின் 13 இலக்கப் பட்டைக் குறியீட்டை எடுத்துக்கொண்டு, அதன் சரிபார்ப்பு இலக்கம் பொருந்துகிறதா எனக் கணக்கிட்டுக் காட்டுக.

2. ஒரே பாடலின் ஆக்கம், பதிவு, வெளியீடு ஆகியவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டினை உங்களுக்குத் தெரிந்த பாடல் ஒன்றைக் கொண்டு விளக்குக.

3. உங்கள் ஊரில் வாழும் இசைக்கலைஞர் ஒருவரைச் சந்தித்து, அவர் பங்கேற்ற நிகழ்ச்சி அல்லது ஒலிப்பதிவு பற்றிய விவரங்களைப் பாடல், இயற்றியவர், பாடியவர், உடன் இசைத்தோர், இடம், ஆண்டு என்னும் தலைப்புகளில் தொகுத்து வகுப்பில் படித்துக் காட்டுக.